மடித்து வைத்த பக்கம்

சோம்போர் நகரப் பொது மருத்துவமனையில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் நெவென்காவைத் தெரியும். பெயர், பிறந்த தேதி, தெரு, என்ன உபாதை என்று வரிசையாகக் கேட்டு அட்டையில் எழுதிக்கொள்வாள். எழுதி முடித்து அட்டையை டாக்டர் அறைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி மிச்சம் வைத்திருப்பாள். அட்டையில் அதற்கு இடம் கிடையாது.

"சாப்பாட்டுல உங்களுக்கு என்ன ரொம்பப் பிடிக்கும்?"

பல்வலியோடு வந்தவர்கள் முறைப்பார்கள். வயதானவர்கள் வந்த வலியை மறந்து பீன்ஸ் சூப்பைப் பற்றிக் கால்மணி நேரம் பேசுவார்கள். பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுக்கும். எதுக்கும்மா இது என்று யாராவது கேட்டால், "சும்மாதான், தெரிஞ்சுக்கலாமேன்னு" என்பாள். இருபத்தெட்டு வருஷம் இப்படிக் கேட்டாள்.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். மருத்துவமனை வாசல் மரத்தில் அவள் படத்தோடு கறுப்புக் கட்டம் கட்டிய இரங்கல் தாளை ஒட்டினார்கள். இரண்டு மழையில் மை கரைந்துவிட்டது. வீட்டை ஒழித்தபோது மேஜை விரிப்புகளுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு கிடைத்தது. கட்டம் போட்ட தாள், நீல அட்டை. உள்ளே முப்பது பிள்ளைகளின் முப்பது விதக் கையெழுத்து. பச்சை மை, பென்சில், இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது, முட்டை முட்டையாக உருண்டது. புரட்டிப் பார்க்கிறவர்கள், இவளுக்குச் சின்ன வயதில் இத்தனை சிநேகிதர்களா என்றுதான் நினைப்பார்கள்.

அத்தனையும் எழுதியது ஒரே கை. நெவென்காவின் கை. இரண்டே இடங்கள்தான் விலக்கு.

அவள் அந்த ஊருக்கு வந்தது 1979 ஜனவரியில், பள்ளி வருஷத்தின் பாதியில். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் வேலை. மலைப்பக்கத்துச் சின்ன ஸ்டேஷனிலிருந்து இந்தச் சமவெளிக்கு மாற்றினார்கள். ஐந்தாம் வகுப்பில் ஏற்கனவே முப்பது பேர் இருந்தார்கள். அவளுக்குக் கடைசி பெஞ்சில், அறையைச் சூடாக்குகிற கரியடுப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

வந்த மூன்றாம் நாள் நர்ஸ் வந்தாள், தலையில் பேன் பார்க்க. ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியால் ஒவ்வொரு தலையாக வகிடு பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், நெவென்காவிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். "நீ இந்தப் பக்கமா வந்து நில்லு, கண்ணு" என்றாள். அந்தப் பக்கம் வேறு யாரும் நிற்கவில்லை.

அன்று ராத்திரியே அம்மா அவள் முடியைக் காதுவரை வெட்டி, மண்ணெண்ணெய் தேய்த்து, வெள்ளைத் துணியால் கட்டிவிட்டாள். பத்து நாளில் பேன் போய்விட்டது. பேர் போகவில்லை. அதற்குள் பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்துவிட்டார்கள். நெவென்காவின் கோட்டோ பையோ யார் மேலாவது பட்டுவிட்டால் போதும், அவர்களுக்குப் பேன் வந்ததாகக் கணக்கு; விரலைப் பின்னிக்கொண்டவர்களுக்கு வராது.

"உனக்கு வந்திருச்சு! உனக்கு வந்திருச்சு!"

"எனக்கில்லடா, நான் விரலைப் பின்னிட்டேன்!"

"பின்னினது எந்தக் கை? இடது கை செல்லாது!"

அப்படியே ஒருவர் மேல் ஒருவர் தொட்டுத் தொட்டு மணி அடிக்கும்வரை ஓடுவார்கள். நெவென்கா சுவரோடு ஒட்டி நின்று பார்ப்பாள். அழுகை வந்த நாட்கள் உண்டு. ஆனால் அழுகிற கண்ணும் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. இடது கையால் எழுதுகிற செடா விரலைப் பின்னுவதும் இடது கையால்தான். வகுப்புக்குத் தலைவி போலிருந்த பிசெர்கா தான் ஓடமாட்டாள், மற்றவர்களை ஓடவைப்பாள். பிசெர்கா திரும்பி நின்றால் பாதிப்பேர் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். அது ஏன் என்று நெவென்காவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மார்ச்சில் வகுப்புக்கு வேறொரு பைத்தியம் பிடித்தது. லெக்சிகோன். ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எண்கள் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரில் ஒவ்வொருவர் பேர் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் பக்கத்துக்கு ஒரு கேள்வி. பிடித்த சாப்பாடு எது, பிடித்த பாட்டு எது, எதைக் கண்டால் பயம், யாரோடு கல்யாணம். அவரவர் எண்ணுக்கு எதிரில் அவரவர் பதில். கடைசிக் கேள்வி எல்லா நோட்டிலும் ஒன்றுதான்: இந்த நோட்டின் சொந்தக்காரியைப் பற்றி என்ன நினைக்கிறாய்? நடுவில் எங்காவது ஒரு பக்கத்தை முக்கோணமாக மடித்து, மேலே 'ஆர்வக்கோளாறு இல்லாதவர்கள் மட்டும் திறக்கவும்' என்று எழுதியிருக்கும். திறந்தால் ஒரு கழுதைப் படம் இருக்கும். அதன் கீழே, 'கண்ணாடி பார்த்தாயா?'

பிசெர்காவின் லெக்சிகோனுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் அட்டை. அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வந்து, கடைசிக்கு முந்தின பெஞ்சோடு திரும்பிப் போய்விடும். ஒரு நாள் நெவென்கா துணிந்து இடைவேளையில் போய்க் கேட்டாள்.

"எனக்கும் ஒரு நம்பர் தாயேன்."

"ஐயோ, வரியெல்லாம் முடிஞ்சுபோச்சே" என்றாள் பிசெர்கா, மிகவும் வருத்தப்படுகிற முகத்தோடு.

நோட்டு திறந்தே கிடந்தது. இரண்டு வரி காலியாக இருந்ததை நெவென்கா தலைகீழாகவே படித்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் நீல அட்டை நோட்டு ஒன்று வாங்கினாள்.

முதலில் முப்பது எண்களையும் முப்பது பேரையும் எழுதினாள். ஒன்று, பிசெர்கா. தன் லெக்சிகோனில் யாரும் எழுதப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆகவே தானே எழுதத் தொடங்கினாள். ராத்திரிக்கு ஒரு எண். ஆனால் வாய்க்கு வந்ததை எழுத அவளுக்கு மனசு வரவில்லை. செடா எழுதினால் என்ன எழுதுவானோ அதைத்தான் எழுத வேண்டும், அவன் எழுத்து போகிற மாதிரியே போக வேண்டும். அதற்கு மறுநாள் முழுக்க செடாவைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் எந்தப் பாட்டை முணுமுணுக்கிறான்? கணக்கு டீச்சர் உள்ளே வந்தால் அவன் காது ஏன் சிவக்கிறது? இருபத்திரண்டாம் எண் பெண்ணுக்கு நாய் என்றால் பயம், அதை மறைக்கத் தினமும் சுற்றுவழியில் போகிறாள். அந்த வழி எது என்று தெரிந்துகொள்ள நெவென்காவும் ஒரு நாள் சுற்றிப் போனாள்.

யாரும் அவளைப் பார்க்காததில் ஒரு வசதி இருந்தது. அவள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

பதினாலாம் எண் வுயிட்சா. தினமும் சாப்பிட்டுவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கும் சாசேஜ்தான், சலிச்சுப்போச்சுடா. எங்க மாமா கசாப்புக் கடை வெச்சிருக்காருல்ல" என்பான். அவன் சாப்பிடுவதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. நெவென்கா போய்ப் பார்த்தாள். கரிக்கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பன்றிக்கொழுப்பு தடவிச் சிவப்பு மிளகாய்த்தூள் தூவிய வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். வேலையில்லாத வீட்டுச் சாப்பாடு. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன் முகம் வெளுத்துவிட்டது.

"வெளியில சொன்னே, பல்லைப் பேத்துருவேன்."

"நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றாள் நெவென்கா.

அன்று ராத்திரி அவள் பதினாலுக்கு எதிரில், பிடித்த சாப்பாடு என்ற பக்கத்தில், அவனுடைய கொக்கி எழுத்திலேயே 'சாசேஜ்' என்று எழுதினாள்.

ஏப்ரல் கடைசியில் எல்லாம் எழுதி முடிந்தது, ஒரு பக்கம் நீங்கலாக. சொந்தக்காரியைப் பற்றி என்ன நினைக்கிறாய்? மூன்றாம் எண்ணுக்கு 'நல்லவள்' என்று பென்சிலால் எழுதிப் பார்த்து, அழித்தாள். 'பேன் தலை' என்று எழுதிப் பார்த்து, அதையும் அழித்தாள். மற்ற கேள்விகளுக்கு ஒளிந்து நின்று பார்த்தால் போதும். இதற்கு எங்கே போய் நின்று பார்ப்பது? அந்தப் பக்கத்தில் எண்களை மட்டும் விட்டுவிட்டு முக்கோணமாக மடித்தாள். மேலே, ஆர்வக்கோளாறு இல்லாதவர்கள் மட்டும் திறக்கவும்.

நோட்டை முதலில் பார்த்தது அம்மா. சாப்பாட்டு மேஜையில் அது கிடந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"யாருடி இதெல்லாம் எழுதிக் குடுத்தது?"

நெவென்கா அம்மா முகத்தைப் பார்த்தாள். ஜனவரியிலிருந்து அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"க்ளாஸ் பிள்ளைங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

அம்மா அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முப்பது பேரையும் படித்தாள். நான்கு மாதமாகத் தன்னால்தான் பெண்ணுக்கு இந்தக் கதி, தலையைச் சரியாகப் பார்த்திருந்தால் வந்திருக்காது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தவள். மடித்த பக்கத்தை மட்டும் அவள் திறக்கவில்லை. அதன் மேலே எழுதியிருந்ததை அவள் அப்படியே நம்பினாள்.

மறுநாள் வகுப்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா வகுப்பறை வாசலில் நின்றாள். கையில் நீல நோட்டு. நெவென்கா கடைசி பெஞ்சில் எழுந்து நின்றாள்.

"மேஜை மேலயே மறந்து வெச்சிட்டு வந்துட்டா" என்றாள் அம்மா முதல் பெஞ்சைப் பார்த்து. "நீதானே பிசெர்கா? ஒண்ணாம் நம்பர்! எவ்வளவு அழகா எழுதியிருக்கே, கண்ணு. எல்லாரும் நல்லாயிருக்கணும். வர்ற சனிக்கிழமை இவளுக்குப் பன்னெண்டு வயசு முடியுது. நாலு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வரணும், என்ன?"

பிசெர்கா நோட்டை வாங்கிக்கொண்டு, "சரிங்க அத்தை" என்றாள். பெரியவர்களிடம் வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா நெவென்காவுக்குக் கையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிசெர்கா நோட்டைப் புரட்டினாள். நிமிர்ந்தாள்.

"செடா! இவளுக்கு எழுதிக் குடுத்தியா நீ?"

"நானா? சத்தியமா இல்ல!"

"பொய் சொல்லாதே. இந்தக் கோணல் எழுத்து உன்னைத் தவிர யாருக்கு வரும்?"

செடா எட்டிப் பார்த்தான். தன் எழுத்தைக் கண்டு அவனே கொஞ்சம் குழம்பினான். அப்புறம், "அடிப்பாவி, ஒண்ணாம் நம்பர்ல உன் பேருதானே இருக்கு! முதல் ஆளா நீ எழுதிட்டு எங்களைத் திட்டறியா?" என்று கத்தினான்.

"நான் எழுதல!"

"அப்ப உன் ஆவியா எழுதிச்சு?"

வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. நீ எழுதினாய், நீதான் எழுதினாய், உனக்குத்தான் வந்திருச்சு என்று ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். முப்பது பேரும் மற்ற இருபத்தொன்பது பேரைச் சந்தேகப்பட்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் நெவென்கா தப்பித்துவிடலாம். திறக்கவும் இல்லை. ஆனால் பிசெர்கா புத்திசாலி. கொஞ்ச நேரத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"யாருமே எழுதல. எல்லாத்தையும் இவளே எழுதியிருக்கா."

சிரிப்பு எழுந்தது. நெவென்கா அடுப்பின் இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை நாலு மணியை நினைத்துக்கொண்டாள். இவர்கள் சிரிப்பது பழகினதுதான். அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. "எனக்கு என்ன போட்டிருக்கா, பாரு" என்றது ஒரு குரல். "தள்ளு, எனக்கு?" என்றது இன்னொன்று. பிசெர்காவின் மேஜையைச் சுற்றித் தலைகள் குவிந்தன.

"இந்தப் பாட்டுதான்டா எனக்குப் பிடிக்கும். இது எப்படித் தெரியும் இவளுக்கு?"

"எனக்கு நாய்னா பயம்னு எழுதியிருக்கா!"

"பயம்தானே?"

"அது எனக்குத் தெரியும். இவளுக்கு எப்படித் தெரியும்?"

வுயிட்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நோட்டைப் பிடுங்கி, பிடித்த சாப்பாடு என்ற பக்கத்துக்கு நேராகப் போனான். விரலை ஒவ்வொரு எண்ணாக இறக்கி, பதினாலில் நிறுத்தினான். அங்கேயே நின்றுவிட்டான். பிறகு தலையைத் தூக்கி, கடைசி பெஞ்சைப் பார்த்தான்.

"பேனா குடு" என்றான் செடாவிடம்.

சாசேஜை அடித்தான். பக்கத்தில், மேஜை ஆட்டம் காணும்படி அழுத்தி எழுதினான். செடா உரக்கப் படித்தான்.

"கொழுப்பு தடவின ரொட்டி. என்னடா இது? உங்க மாமா கசாப்புக் கடைன்னே?"

"எங்க மாமா லாரி ஓட்டறாரு. போதுமா?"

எல்லோரும் அவனையே பார்ப்பது பிடிக்காமல் பிசெர்கா, "அந்த மடிச்ச பக்கத்தைத் திற, கழுதை இருக்கும்" என்றாள்.

வுயிட்சா திறந்தான். கழுதை இல்லை. மேலே கேள்வி, கீழே முப்பது எண்கள், எண்களுக்கு எதிரில் வெறும் கட்டங்கள். பிசெர்கா பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு நெவென்காவைப் பார்த்துக் கேட்டாள். வந்த நாளிலிருந்து அவளாக நெவென்காவிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"எல்லாத்துக்கும் நீயே எழுதினியே, இதுக்கு மட்டும் ஏன் எழுதல?"

"அது எனக்குத் தெரியல" என்றாள் நெவென்கா.

வாசலில் வகுப்பாசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டது. "என்ன கூட்டம் அங்கே?"

"ஒண்ணுமில்ல, தோழர் டீச்சர்!" அந்த நாட்டில் அப்போது டீச்சரையும் தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

எல்லோரும் இடத்துக்கு ஓடினார்கள். நோட்டு வுயிட்சாவிடம் மாட்டிக்கொண்டது. புவியியல் பாடம் முழுக்க அவன் முதுகு குனிந்தே இருந்தது. மணி அடித்ததும் கடைசி பெஞ்சுவரை வந்து, அவள் முன்னால் நோட்டைப் போட்டுவிட்டுப் போனான். மடிப்பை அவள் உடனே பிரித்தாள். பதினாலுக்கு எதிரில் கொக்கி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'எல்லாத்தையும் பார்க்கிறாள். யாரிடமும் சொல்வதில்லை.'

இது பாராட்டா புகாரா என்று அவளுக்குப் புரியவில்லை. பலமுறை படித்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை அம்மா வால்நட் போட்ட கேக்குகள் எண்பது சுட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி, பெஞ்சு, ஒரு இஸ்திரிப் பலகைகூட இரவல் வாங்கி வந்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று சொல்ல நெவென்கா காலையிலிருந்து நான்கு தடவை வாயைத் திறந்தாள். நாலு மணி ஆனது. நாலே கால் ஆனது. அம்மா ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது. வுயிட்சா. தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான்.

"வா வா! நீ எந்த நம்பர்?"

"பதினாலு, அத்தை."

"மத்தவங்க எங்கே?"

வுயிட்சா மேஜையைப் பார்த்தான், நாற்காலிகளைப் பார்த்தான், இஸ்திரிப் பலகையைப் பார்த்தான். கடைசியாக நெவென்காவைப் பார்த்தான்.

"எல்லாருக்கும் காய்ச்சல் அத்தை."

"இருபத்தொன்பது பேருக்குமா!"

"ஆமா. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குத் தொத்திக்கிச்சு. எனக்கு மட்டும் வரல."

அம்மா அவனையே சற்று நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று நெவென்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கேள்வியை அவள் அம்மாவிடம் என்றைக்கும் கேட்டதில்லை. அம்மா, "பாவம் பிள்ளைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் தட்டை நிரப்பினாள். பதினொரு கேக் தின்றான். அவன் கிளம்பும்போது அம்மா மிச்சத்தையெல்லாம் ஒரு பெரிய டப்பாவில் அடுக்கி நெவென்காவிடம் சொன்னாள்: "திங்கக்கிழமை கொண்டுபோய் எல்லாருக்கும் குடு. காய்ச்சல்ல வாய் கசந்துபோயிருக்கும்."

திங்கட்கிழமை காலை டப்பா நெவென்காவின் மேஜையில் இருந்தது. தூக்கிக்கொண்டு எழுந்திருக்க அவளால் முடியவில்லை. இடைவேளையில் வுயிட்சா வந்து மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து எல்லோருக்கும் தெரிகிறபடி கடித்தான். "டேய், நல்லாயிருக்குடா" என்றான் வாய் நிறைய. செடா வந்தான். இடது கை விரல்களைப் பின்னிக்கொண்டு வலது கையால் ஒன்று எடுத்தான். இரண்டாவதுக்கு வந்தபோது விரல் பின்னியிருக்கவில்லை. நாய்க்குப் பயந்த பெண் வந்தாள். ஏழெட்டுப் பேர் வரவேயில்லை.

கடைசியாக பிசெர்கா வந்தாள். ஒன்றை எடுத்து முகர்ந்து, ஓரத்தில் கொஞ்சம் கடித்தாள்.

"இதுல வால்நட்டா போட்டிருக்கு?"

"ஆமா."

"எனக்குச் சாக்லேட்டை விட வால்நட்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனாள்.

நெவென்கா அவசர அவசரமாகப் பையிலிருந்து நீல நோட்டை எடுத்தாள். பிடித்த இனிப்பு என்ற பக்கத்தில் ஒன்றாம் எண்ணுக்கு எதிரில், பிசெர்காவின் சாய்ந்த எழுத்தில் 'சாக்லேட்' என்று இருக்கிறது. அது அடிக்கப்பட்டு, பக்கத்தில் நெவென்காவின் சொந்த எழுத்தில் 'வால்நட்' என்று இருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மடித்த பக்கத்தில் பதினாலைத் தவிர வேறு எண் எதுவும் நிரம்பவில்லை. மடிப்பு மட்டும் திறந்து மூடித் திறந்து மூடி, தொட்டால் கிழிந்துவிடும்போல் நைந்திருக்கிறது.